தலையை ஏற்றும் மோட்டார்

— இன்னொரு தடவை அமுக்கு, டில்வின்.

— எதை?

— எதையா? நான் ஷெட் கதவைத் திறந்ததும் முதுகை வெச்சு மறைச்சியே, அந்தப் பச்சைப் பொத்தானைத்தான்.

— அதாவது… இன்னும் வேலை முடியலை, நெரிஸ். இந்நேரம் நீ ஸ்கூல் சமையலறையிலதானே இருக்கணும்?

— அடுப்பு கெட்டுப்போச்சு, வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. புருஷன் என்னைப் பார்த்து இப்படி முழிப்பான்னு தெரிஞ்சிருந்தா நேத்தே வந்திருப்பேன். அமுக்கு.

— சரி, பாரு.

— ஐயய்யோ! இரும்பு வெட்டற மெஷினோட தலை தானா ஏறுது!

— பயப்படாதே. காயலான் கடையில எடுத்த பழைய கார் வைப்பர் மோட்டார். பெல்ட் போட்டு, மேலே இருக்கிற திருகுத் தண்டுல மாட்டியிருக்கேன். பச்சையை அமுக்கினா ஏறும், கறுப்பை அமுக்கினா இறங்கும். எல்லை வந்தா தானா நின்னுடும். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? பதினோரு வருஷமா கைப்பிடியைச் சுத்திச் சுத்தித்தானே இந்தத் தலையை ஏத்தி இறக்கினே? என் தம்பி அவன் மில்லிங் மெஷினுக்கு மோட்டார் வெச்சப்போ என்ன பேச்சு பேசினே! 'இரும்பு வெட்டுப்படறது கையில தெரியணும்டா, சோம்பேறி'ன்னு அவனைச் சாப்பிடவே விடலையே.

— வயசாகுது, தாயே. தோள் வலி.

— சனிக்கிழமை ஏணியைத் தனியாத் தூக்கிட்டுப் போய்க் கூரைத் தகரத்தை மாத்தினியே, அது எந்தத் தோள்?

— அதாவது, அன்னைக்குத் தூக்கினதாலதான்…

— பெல்ட் பார்சல் வந்து மூணு வாரம் ஆச்சு. தபால்காரர் என் கையிலதான் கொடுத்தார். மூணு வாரம் முன்னாலயே உனக்குத் தெரிஞ்சுபோச்சா, சனிக்கிழமை தோள் வலிக்கப்போகுதுன்னு? டில்வின், என் முகத்தைப் பாரு. டாக்டர் ஏதாவது சொன்னாரா? கை மரத்துப்போகுதா? நடுங்குதா?

— ஒண்ணும் இல்லை. இதோ பாரு, கல்லு மாதிரி இருக்கு.

— அப்போ மெஷினை விக்கப்போறே. மோட்டார் இருந்தா சீக்கிரம் போகும்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க.

— இதை விப்பேனா? ஹியூவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு இறக்கின மெஷினை? என் பிள்ளை கை பட்ட சாமான்ல மிச்சம் இருக்கிறதே இது ஒண்ணுதான்.

— அவன் பேரைக் குறுக்கே இழுக்காதே. செத்துப்போன பிள்ளையை வெச்சு என் வாயை அடைக்கப் பார்க்காதே. அந்த ரெண்டாவது கோப்பை யாருது?

— எந்தக் கோப்பை?

— அடியில சர்க்கரை கரையாமக் கிடக்கே, அது. நீ டீயில சர்க்கரையை விட்டு நாலு வருஷம் ஆகுது. நான் சுடற வெல்ஷ் கேக் வாரா வாரம் புதன்கிழமையானா பாதி காணாமப் போகுது. இன்னைக்குப் புதன். எலி தின்னுச்சுன்னு சொல்லிப்பாரு, நடக்கிறதே வேற.

— பக்கத்து வீட்டு ஆளு வந்தார்.

— அவங்க குடும்பத்தோட ஸ்பெயினுக்குப் போயிருக்காங்க. பூனைக்குச் சோறு வைக்கிறதே நான்தான். யாரு, டில்வின்? பொம்பளையா?

— பொம்பளையா! எனக்கா? இந்த எண்ணெய் நாத்தத்துக்கா?

— சிரிக்காதே. சொல்லு பார்ப்போம், பொத்தானெல்லாம் ஏன் இடது பக்கம் இருக்கு?

— இடம் அங்கதான் இருந்துச்சு.

— நீ சோத்துக்கைக்காரன். இரும்பைப் பிடிக்கிற வைஸும் புதுசு. பழசை இறுக்க ரெண்டு கை வேணும், இதை ஒரு தட்டுத் தட்டினாப் போதும்போல. இது எதுவும் உனக்காகச் செஞ்சது இல்லை. ஒத்தைக் கை ஆளுக்குச் செஞ்சது.

— நெரிஸ், முதல்ல நீ உட்காரு.

— பேரைச் சொல்லு.

— கெதின். நம்ம ஹியூவோட கூட்டாளி. கத்திடு. எதையாவது எடுத்து வீசு. இப்படிச் சும்மா நிக்காதே.

— எத்தனை நாளா?

— மார்ச் மாசத்துல இருந்து. இரும்புக் கடையில பார்த்தேன். என்னைப் பார்த்ததும் ஓடப் பார்த்தான். அறையணும்னுதான் போய்ப் பிடிச்சேன். சட்டையோட வலது கையை மடிச்சு ஊக்கு குத்தியிருந்தான். அறையத் தூக்கின கையை எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.

— அப்புறம்?

— 'ஹியூவோட மெஷின் இன்னும் இருக்கா?'ன்னு கேட்டான். வந்து பாருன்னுட்டேன். நல்ல வேலைக்காரன் நெரிஸ், உனக்கே தெரியும். ஒத்தைக் கைன்னு எவனும் எடுத்துக்கலை. லனெல்லியில ஒரு பட்டறைக்காரர், முழுசா ஒரு உருப்படியைத் தனியா வெட்டிக் காட்டு, சேர்த்துக்கறேன்னு சொல்லியிருக்கார். ஆனா இந்த மெஷின்ல கைப்பிடியைச் சுத்தித் தலையை ஏத்தணும், அதே நேரம் அது நழுவாம இருக்கப் பூட்டுப் பிடியையும் இறுக்கணும். ஒரு கையால எப்படி முடியும்? பூட்டுப் பிடியைப் பல்லால கடிச்சு இழுத்தான். உதட்டுல ரத்தம். அதைப் பார்த்துட்டுத்தான் காயலான் கடைக்குப் போனேன்.

— ஹியூ செத்த அன்னைக்கு மலை ரோட்டுல வண்டி ஓட்டினவன் அவன். ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? வண்டி பனியில வழுக்கினதுதான்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆறு வருஷமா ஒத்துக்காம இருக்கிறது நாம ரெண்டு பேரும்தான்.

— அவன் எழுதின கடிதாசியைப் பிரிக்காமலே அடுப்புல போட்டது நீ.

— ஆமா, நான்தான். தேவாலய வாசல்ல ஊரே பார்க்க 'உன் நிழல் எங்க வீட்டு மேல விழக் கூடாது'ன்னு சொன்னது நீ. அதான் மறைச்சேன். தெரிஞ்சா நீ உடைஞ்சுபோவேன்னு பயம். வேணாம்னு சொல்லு, இன்னையோட அவனை நிறுத்திடறேன். மோட்டாரையும் கழட்டிடறேன்.

— அவன் என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?

— ஒரு வார்த்தை இல்லை. உன் பேரை எடுத்தாலே தலையைக் குனிஞ்சுக்கிறான்.

— நிஜமா எதுவுமே சொல்லலையா?

— நான் ஏன் பொய் சொல்லப்போறேன்? எதுக்கு இப்படித் துருவறே? நெரிஸ்… அழறியா?

— மோட்டாரைக் கழட்டாதே. அவனுக்கு ஒரு உயரமான ஸ்டூல் போடு. இடது முட்டிக்குள்ள தகடு வெச்சிருக்கு. பத்து நிமிஷம் நின்னா உயிர் போகும், ஆனா வலிக்குதுன்னு உன்கிட்ட வாயைத் திறக்க மாட்டான்.

— உனக்கெப்படித் தெரியும்?

— ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமையானா பாட்டுக் குழுவுக்குன்னு சொல்லிட்டு நான் அங்க போகலை, டில்வின். ஸ்வான்ஸீ ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிட்டுப் போறேன்.