முடியக்கூடாத நேர்த்தி

குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் போகும் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளின் சேலை சாரலில் நனைந்திருந்தது.

“பட்டாளத்துலேருந்து மகன் வந்துட்டான். அவன் வார வரைக்கும்னு நேந்த நேர்த்தியும் இன்னையோட முடிஞ்சுபோச்சேன்னுதான் வருத்தமா இருக்கு.”

“என்னக்கா இப்படிச் சொல்லுதிய! புள்ள முழுசா திரும்பிருக்கான்லா?”

“அது சந்தோசந்தான். ஆனா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம செண்பகாதேவி கோயிலுக்கு மலையேறுதேன்லா, பாதி வழியிலயே மனசுல கெடக்க பாரமெல்லாம் எறங்கிரும். இனிமே சும்மா மலையேறிட்டு வாரேன்னா வீட்டுல விடுவாவளா?”

“அப்பம் என்ன செய்யப் போறிய?”

“பேரன் பொறக்க வரைக்கும் ஏறுதேன்னு அம்மன்கிட்ட நேந்துட்டுத்தான் எறங்குனேன்.”

“அவனுக்கு இன்னும் பொண்ணே பாக்கலயேக்கா!”

மூத்தவள் சேலை முந்தியைப் பிழிந்துவிட்டுச் சிரித்தாள்.

“அதனாலதாம்ட்டி நேந்தேன். நாளாகும்லா.”