புகார் வராத பக்கம்

குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்களைப் போன்ற ரோஷக்காரர்களை நான் பார்த்ததில்லை. ஒரு திங்கட்கிழமை அதைப் பத்திரிகையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிட்டுப் பார்த்தேன். பதினோரு மணிக்குள் நாற்பத்தொரு அழைப்புகள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். மறுநாளே திருப்பிப் போட்டுவிட்டேன். வாசகர் கேட்டால் கொடுத்துவிடுகிற ஆள் நான். உங்கள் விசாரணைக் குறிப்பில் இதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, வெளியே என்னைக் கரித்துக்கொட்டுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

எங்கள் நிறுவனம் நொடித்துப்போன எட்டு ஊர்ப் பத்திரிகைகளை வாங்கியது. எட்டையும் ஒன்றாக்குவது என் வேலை. அச்சகங்களை மூடினேன். பக்கங்களையெல்லாம் தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரே அறையில் தயார் செய்ய வைத்தேன். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதற்கு என்னிடம் ஓர் எளிய வழி இருந்தது. ஒன்றை எடுத்துவிட்டு, அன்றைக்குப் பூராவும் யார் கேட்கிறார்கள் என்று எண்ணுவேன். வானிலையை மூன்று பேர் கேட்டார்கள். நகராட்சிக் கூட்டச் செய்தியை ஒருவர் கேட்டார், அவரும் நகராட்சி உறுப்பினர். தலையங்கத்தை எடுத்து ஐந்து மாதமாகிறது. எழுதியவரைத் தவிர ஒரு ஆளுக்கும் தெரியாது. முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்களும் சந்தாவை நிறுத்தியவர்தான், பட்டியலில் பார்த்தேன்.

ஏழு ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். எட்டாமவர் ஆற்றங்கரை ஊர்ப் பத்திரிகையின் ஆசிரியர், என் அக்காவின் கணவர். வேலை தேடி நான் அவர் வீட்டில் தங்கியிருந்த நாளில், நான் எழுதிய முதல் செய்தியை வந்தவர்கள் முன்னால் உரக்க வாசித்துக்காட்டிச் சிரித்தவர். எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவர் கேட்டது நாலாம் பக்கம் ஒன்றைத்தான். மின்தடை, இறப்பு அறிவிப்பு, காணாமல் போன மாடு என்று அந்த ஊர்ச் சமாச்சாரங்கள் மட்டும் வரும் பக்கம். அதை விட்டுவைப்பதா, மற்ற ஏழு ஊரோடு சேர்த்துவிடுவதா என்று வெள்ளிக்கிழமை முடிவாக வேண்டும். திங்களன்று நடந்த கூட்டத்தில், முதலாளிக்கு எதிரிலேயே என்னிடம் சொன்னார்: "மாப்ளே, எத வேணா எடுத்துக்கோ. நாலாம் பக்கத்துல கைய வைக்காத. அணையில தண்ணி தொறக்கிற அறிவிப்ப ஒரே ஒரு நாள் எடுத்துப் பாரேன், ஊரே வந்து உன் மேசையக் கவுத்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஆக, யோசனை அத்தானுடையது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கு அறிவிப்பு வந்தது. அணை அலுவலகம் தந்ததை அத்தானே எங்களுக்கு அனுப்பியிருந்தார். புதன் நண்பகல் எல்லா மதகுகளும் திறக்கப்படும், மணல்திட்டிலும் தாழ்ந்த கரையிலும் இருப்பவர்கள் அதற்குள் வெளியேற வேண்டும். நாலே வரி, சுற்றிலும் கட்டம். இரண்டு முறை படித்தேன். படிக்காமல் எதையும் எடுக்கிறவனில்லை நான்.

பக்கம் அமைக்கும் அம்மாள், "சார், இது அணை அறிவிப்பு. போட்டே ஆகணும் சார்," என்றார். அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, நானே உட்கார்ந்து என் கையால் எடுத்தேன். அந்த இடத்தில் மூட்டுவலித் தைல விளம்பரம் கச்சிதமாகப் பொருந்தியது.

அணையில் அபாயச் சங்கு இருக்கிறது, அதை நம்பித்தான் எடுத்தேன் என்று முதல் விசாரணையில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். சங்கு பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. போன மாதம் அதே நாலாம் பக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. எழுத்துப்பிழை பார்த்து அனுப்பியதே நான்தான்.

புதன்கிழமை எட்டு மணிக்கே வந்து தொலைபேசியருகில் உட்கார்ந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. ஒரு அழைப்புகூட இல்லை. சந்தோஷமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. பதினொன்று இருபதுக்கு அத்தான் கூப்பிட்டார். பாலத்தில் போகும்போது மணலில் ஆட்களைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"அறிவிப்பு எங்கடா? மணல்ல முப்பது நாப்பது பேர் நிக்கிறாங்க. அணை ஆபீஸ்ல போன எடுக்க மாட்டேங்கிறாங்க. அந்தப் பெரிய அதிகாரி நம்பர் உன்கிட்ட இருக்கு. ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லு. உன் கால்ல விழறேன்டா."

இருபது வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அன்றுதான். "பார்க்கிறேன் அத்தான்," என்றேன். எண் என்னிடம் இருந்தது. அந்த அதிகாரி என் அழைப்பை எப்போதும் எடுப்பார். ஆனால் நானே தலையிட்டுவிட்டால் அந்த நாளின் கணக்குக்கு என்ன மதிப்பு? நாலாம் பக்கம் உயிர்காக்கும் பக்கம் என்று அவர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். ரிசீவரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஆற்றில் இறங்கித் தொண்டை கிழியக் கத்தினாராம். முப்பது பேருக்கு மேல் கரையேற்றினார் என்கிறார்கள். ஒன்பது பேர் ஏறவில்லை. ஒன்பதாமவர் அவர்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவர் கூப்பிட்டப்ப நீ போன எடுத்தியா?" எடுத்தேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. அவளிடம் நான் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதை யாரும் என் பெயரில் வரவு வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். 'நாலாம் பக்கம், புதன்கிழமை, வாசகர் புகார்: இல்லை' என்று எழுதியிருக்கிறாயே, அவர்தான் கூப்பிட்டாரே என்று. கூப்பிட்டார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் எங்கள் ஊழியர், ஐயா. ஊழியர்கள் கூப்பிடுவதை நாங்கள் வாசகர் புகாரில் சேர்ப்பதில்லை.