லீவரைப் பிடித்துப் பார்க்காதவன்

பைக்கில் பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் மாட்டினால் பிரேக் நச்சென்று பிடிக்கும், சார். ரப்பர் பழசானால் அழுத்தும்போது உப்பும். நம் பிடியில் பாதியை அதுவே தின்றுவிடும். ஸ்டீல் அப்படி இல்லை. எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் அபிப்பிராயம்.

குருபரப்பள்ளியில் ஹைவேயை ஒட்டி என் ஒர்க்‌ஷாப். கூட இருந்தவன் ஆஸ்டின், என் மனைவி மேரிராணியின் தம்பி. ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு என்னிடம் வந்து ஒன்பது வருஷம். கையும் சுத்தம், வேலையும் சுத்தம். சனிக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து பெரிய பைக்குகளில் வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவனைத்தான் தேடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்களோடு அவன் கன்னடத்தில் பேசுவான், அதுதான் உறுத்தும். நான் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் மத்தூர்க்காரன். கன்னடம் பாதிதான் புரியும். பாதி புரிவது அறவே புரியாததைவிடக் கெடுதல்.

ஒருநாள் ஜெகதீஷ் என்ற பெங்களூர்க்காரர் ஸ்டீல் ஹோஸ் செட் ஒன்றை ஆஸ்டின் கையில் கொடுத்தார். அவன் வண்டிக்காம், சும்மாவாம். சும்மா யார் கொடுப்பார்கள்? நான் கம்ப்ரசர் பக்கம் நின்று டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்டின் சிரித்தபடி, "பாவன்ன பிட்டு ஹோக..." என்றான். மீதியைக் கம்ப்ரசர் சத்தம் விழுங்கிவிட்டது. பாவா என்றால் அக்கா புருஷன், அதாவது நான். பிட்டு ஹோக என்றால் விட்டுப் போக. இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்?

அன்றிலிருந்து கவனித்தேன். போன் வந்தால் வெளியே போய்ப் பேசினான். கஸ்டமர்களின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டான். கிருஷ்ணகிரி போனால் லேட்டாக வந்தான். மேரிராணியிடம் சொன்னேன்.

"அவன் எங்க போயிடப் போறான், நீங்க வேற" என்று சிரித்தாள். அவளும் உடந்தையோ என்று தோன்றியது.

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. விசாரிக்காமல் யார் மேலும் பழி போடக் கூடாது. அதனால் ஒரு பரீட்சை வைத்தேன். அந்த ஹோஸை அவன் வண்டிக்கு நானே மாட்டினேன். ஆயில் ஊற்றி, ஹோஸுக்குள் இருந்த காற்றை எடுத்து, துடைத்து வைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு, முன்சக்கரத்துப் பக்கம் ஹோஸைப் பிடித்திருக்கிற போல்ட்டைத் தளர்த்தி விட்டேன்.

பிரேக்கில் யார் கைவைத்திருந்தாலும், வண்டியை எடுக்குமுன் ஹேண்டில்பாரில் இருக்கிற முன் பிரேக் லீவரை நாலு தடவை அழுத்திப் பார்ப்பது எங்கள் தொழிலில் பழக்கம். அழுத்தினால் ஆயில் கசியும், லீவர் தொளதொளத்துவிடும், விஷயம் தெரிந்துவிடும். என்னை ஏமாற்ற நினைக்கிறவன் என் வேலையை நம்ப மாட்டான், பிடித்துப் பார்ப்பான். பார்த்தால் துரோகி. பார்க்காவிட்டால் நல்லவன். இதைவிட நியாயமாக என்ன செய்ய முடியும்?

மத்தியானம் பார்ட்ஸ் வாங்கக் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பரீட்சை கெட்டுவிடும். அவனே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "நீங்க போட்டப்பறம் நான் என்னத்த மாமா பாக்கறது" என்றான். லீவரைத் தொடவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மெதுவாக சர்வீஸ் ரோட்டுக்குப் போனான்.

நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது சார், பொய் இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தான். அப்புறம் வேகம் எடுத்தான். ஹைவேயில் சேருகிற இடத்தில் கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. முன் பிரேக் பிடிக்கவில்லை, பின் பிரேக் மட்டும் அந்த வேகத்துக்குப் போதவில்லை. அங்கேயே உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்கு ஜெகதீஷ் வந்திருந்தார். பெங்களூரில் தன்னிடம் வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டதாகவும், "பாவன்ன பிட்டு ஹோகல்ல" என்று ஆஸ்டின் மறுத்துவிட்டதாகவும் சொல்லி அழுதார். ஹோகல்ல என்றால் போக மாட்டேன். மேரிராணி என் தோளில் சாய்ந்து கதறினாள். எனக்கு அது புதுச் செய்தி இல்லை. அவன் நல்லவன் என்பது அவர்கள் எல்லோருக்கும் முன்னால் எனக்குத்தான் தெரியும்.

தெரிந்த பிறகும் ஏன் கூப்பிட்டு நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நிறுத்தியிருந்தால் போல்ட்டைப் பார்த்திருப்பான். அப்புறம் காலத்துக்கும் என்மேல் சந்தேகத்தோடேதான் இருந்திருப்பான். ஒன்பது வருஷம் கூடவே இருந்தவன் மனதில் அப்படி ஒரு விஷம் இறங்க நான் விடுவேனா சார்?