விரிசலுக்கு முந்தைய ஒலி

ஜூன் 29, மாலை 4.10. தவறு: பணிநிறைவு விழா மைக்கைச் சோதிப்பதற்காகக் களிமண் அறையில் ஒலிப்பதிவுக் கருவியின் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப மாட்ட மறந்தது நாற்பது நிமிடம்.

இதை நாட்குறிப்பில் எழுதியவர், மாலை வகுப்பில் படித்துக்கொண்டே நம் ஆய்வகப் பதிவேடுகளைப் பார்க்கும் ஊழியர். தங்கள் பணிநிறைவுக்கான இவ்வாழ்த்து மடலை எழுதியவரும் அவரே. முதலில் இதைத்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். படித்துவிட்டோம்.

ஐயம் அகலாத ஆராய்ச்சியாளரே! அரைகுறை எண்ணங்களுக்கும் அடைக்கலம் அளித்த எங்கள் தலைவியே!

முப்பத்தொரு ஆண்டுகள், செங்கலுக்கும் ஓட்டுக்கும் ஏற்ற மண் எதுவென்று ஊருக்கெல்லாம் சான்றிதழ் தந்தீர்கள். ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வரவில்லை. ஆனால் தங்களை உறங்கவிடாத கேள்வி வேறு. காயும் களிமண், விரிசல் விடுவதற்குச் சற்றுமுன், காதுக்கு எட்டாத ஒலி எழுப்புகிறதா? எழுப்பினால், விழப்போகும் மண்சுவரை முன்கூட்டியே அறியலாமே!

வெள்ளிக்கிழமைத் தேநீர் வேளையில் ஆளுக்கொரு நிரூபிக்காத எண்ணம் சொல்லியாக வேண்டும் என்பது தங்கள் சட்டம். ஆதாரத்தோடு வந்தவரை, "அதை ரிப்போர்ட்ல எழுதுப்பா, இங்க எதுக்கு?" என்று விரட்டுவீர்கள். "மேடம், மண்ணு பேசுதுன்னு வெளிய சொல்லிடாதீங்க. நம்மளைத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க" என்று நம் ஆய்வகச் சூளையைப் பார்க்கும் சூளைக்காரர் சொன்னபோது, வயிறு வலிக்கச் சிரித்தவரும் தாங்களே.

கேட்டுப் பார்க்க வார்த்த நாற்பத்தொரு களிமண் பாளங்கள் காய்ந்து விரிசல் விட்டன. அதற்குமுன் பதினெட்டு ஒலித்தன, மீதி வாயே திறக்கவில்லை. ஆம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று விடவும் மனமில்லை. ஓய்வுக்கு முன் தாங்கள் பார்க்கக்கூடிய கடைசிப் பாளம், நாற்பத்திரண்டாவது, பத்தொன்பது நாள் காத்திருந்து, நேற்று வெடித்தது. அந்த நாற்பது நிமிடத்துக்குள்!

ஓடிவந்தீர்கள். விரிசலை விரலால் தடவினீர்கள். பதிவேட்டு ஊழியரிடம், "எத்தனை நிமிஷம்னு சரியா குறிச்சியா? அப்போ பக்கத்துல எழுதிக்கோ, ஒலிச்சுதான்னு தெரியலைன்னு" என்றீர்கள். பிறகு வெடித்த பாளத்தைத் துணியால் மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதை எங்களால் தாங்க முடியவில்லை.

அந்தக் களிமண் அறையை நாளையே கிடங்காக்குவதாக இருந்தது நிர்வாகம். இன்று காலை எல்லோரும் மனுவில் கையொப்பமிட்டுப் போய் நின்றோம். ஆறு மாத அவகாசம் கிடைத்திருக்கிறது. போதுமா என்று தெரியாது.

நிம்மதி பெருக என்று வாழ்த்தினால் தாங்களே முகம் சுளிப்பீர்கள். ஆகவே நோயற்ற உடலும், நூறாண்டு ஆயுளும், தீராத சந்தேகமும் பெற்று வாழ்க!

என்றும் அன்புடன்,
மண் ஆய்வக ஊழியர்கள்

(பதிவேட்டு ஊழியரின் நாட்குறிப்பில், ஜூன் 30) நாளை, ஜூலை 1: காலை எட்டு மணிக்கு மண் பிசைய வேண்டும். ஒன்பதுக்கு நாற்பத்து மூன்றாவது பாளத்தை வார்க்க வேண்டும்.