சுக்குத் தண்ணீர் போடுகிறவள்

சுக்குத் தண்ணீருக்குப் பனைவெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். மிளகையும் தாராளமாகத் தட்டிப் போட வேண்டும். அப்போதுதான் காரம் தொண்டையைப் பிடிக்கும், வேறு எதுவும் நாக்குக்கு எட்டாது. இத்தனை நாள் உங்களுக்குப் போட்டுக் கொடுத்த கைப்பக்குவத்தில் சொல்கிறேன்.

பெண்பிள்ளை இந்தக் கொட்டகைக்குள் வந்து நின்று பேசுவது வழக்கமில்லைதான். வாசலில் அடுப்பு மூட்டுவதோடு என் வேலை முடிந்தது. ஆனாலும், மனசில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம் என்று சுந்தரராமன் ஐயா வாராவாரம் சொல்கிறாரே, அந்தத் தைரியத்தில் வந்தேன். உட்காருங்கள் ஐயா, ரொம்ப நேரம் ஆகாது.

இந்தச் சபையைத் தேடிக் கண்டுபிடித்தவளே நான்தான். கள்ளுக்கடை மறியல் நடந்த வருஷம் அது. குடியை விட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற இடம் ஒன்று மயிலாப்பூர்ப் பக்கம் இருப்பதாக, ராயப்பேட்டையில் என்னிடம் மீன் வாங்கும் நஸ்ருன்னிசா அம்மா சொன்னார். எந்தத் தெரு என்று அவருக்கும் தெரியவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு லஸ் முனையிலும் குளத்தங்கரையிலும் விசாரித்தேன். கள்ளுக்கடை எங்கே என்றால் பால்குடிக் குழந்தையும் கை காட்டும். கள்ளை விடுகிற இடம் எங்கே என்றால் ஊரே முழிக்கிறது. டிராம் வண்டிக்காரர் ஒருவர், "இன்னாம்மா, புருசனைத் தேடிக்கினு கீறியா? அதோ, அந்தக் கடையில போய்ப் பாரு" என்று சிரித்தார். கடைசியில் இந்த மந்தைவெளி விறகுத் தொட்டியில் கேட்டேன். கொட்டகை அதற்குப் பின்னாலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "நாலு ஆம்பளைங்க முன்னால என் மானத்தை வாங்கவா இட்டாந்தே?" என்று வழி முழுக்கத் திட்டினார். நீங்கள் அவரை "வா தேசப்பா" என்று பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். அவரும் குடியை விட்டார். அதற்காக உங்கள் ஒவ்வொருவர் காலிலும் நான் விழ வேண்டும், அதில் மாற்றமில்லை. அந்த நன்றிக்குத்தான் வாராவாரம் வாசலில் சுக்குத் தண்ணீர் போட வந்தேன்.

உங்கள் வழக்கம் நல்ல வழக்கம். குடித்துவிட்டுச் செய்த பாவத்தில் பெரியது எதுவோ அதை ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் "கழுவியாச்சு" என்று ஒரே குரலில் சொல்லி, குவளையில் இருப்பதை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்ற அன்று நான் வாசலில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த என்னை வயிற்றில் உதைத்ததைச் சொன்னார். செத்துப் பிறந்தது பெண் என்றார். துணியில் சுற்றி எங்கே புதைத்தோம் என்பதுவரை சொன்னார். எங்கள் குப்பத்தில் எல்லாருக்கும் நான் கட்டுமரத்தில் இடறி விழுந்தவள். என்னைப் பெற்றவளுக்கும் அப்படித்தான். அவர் மானத்துக்காக நான் சொன்ன பொய் அது. இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று கடல் தண்ணீரைக் கையில் அள்ளி எனக்குச் சத்தியம் செய்தவர் அவர். கடல் தண்ணீரைத் தொட்டுச் சொன்னதை எங்கள் ஆட்கள் உயிர் போனாலும் மீற மாட்டார்கள்.

நீங்கள் கழுவியாச்சு என்றீர்கள். நான் காய்ச்சியதைக் குடித்தீர்கள். நாகராஜ் அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். உதை வாங்கினவள் வாசலில்தான் இருந்தேன், என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில், "மனசு லேசா கீது கெங்கம்மா" என்றார் அவர்.

மறுநாளிலிருந்து வீட்டிலும் சுக்குத் தண்ணீர் போட்டேன். கடலுக்குப் போகுமுன் ஒரு குவளை. அதில் முதலில் ஒரு மூடி சாராயம், போகப் போக இரண்டு. "இன்னிக்கு இன்னாத்தைப் போட்டே?" என்று ஒருநாள் கேட்டார். இஞ்சி என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். பிறகு அவரே கடைக்குப் போக ஆரம்பித்தார். உங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு இங்கே வருவதை நிறுத்தினார்.

அந்தப் புயல் காற்று நாளில் குப்பத்தில் ஒருத்தரும் கட்டுமரம் தள்ளவில்லை. நான் குவளை நிறையக் கொடுத்து, "அவனுங்கல்லாம் பயந்தாங்கொள்ளிங்க, நீ போய்யா" என்றேன். போனார். மரம் மட்டும் கரை ஒதுங்கியது. சத்தியத்தைக் கேட்டிருந்த கடல், அதை மீறினதற்குத் தானே வசூலித்துக்கொண்டது, நடுவில் நான் யார்?

துக்கத்துக்கு வந்த நீங்கள், குடி ஒரு நல்ல மனுஷனைக் கொன்றுவிட்டது என்று அழுதீர்கள். "நீ எங்களுக்குத் தங்கச்சிம்மா, எப்பவும் போல வந்து சுக்குத் தண்ணி போட்டுக் குடு" என்றார் நாகராஜ் அண்ணன். மறுக்க மனசு வரவில்லை.

கொஞ்ச நாளாக என் கைப்பக்குவம் கூடியிருப்பதாகச் சொல்கிறீர்கள். நேரம் கழித்து வருகிறவர்கள்கூட இப்போது முன்னாலேயே வந்து அடுப்பைச் சுற்றி நிற்கிறீர்கள். இன்று நாகராஜ் அண்ணன் வந்ததும் ஒரு குவளை குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். அதே வார்த்தை.

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. உங்கள் வழக்கப்படி என் பாவத்தைச் சொல்லிவிட்டேன். குவளை எல்லார் கையிலும் இருக்கிறது. கழுவியாச்சு என்று சொல்லிக் குடித்துவிடுங்கள், ஆறிப்போகிறது.