சோதனைச்சாவடியில் ஒரு வாழைப்பழம்

“சார், இது குடிக்கிறதுக்கு இல்ல. வாழைப்பழத்துக்கு ஊத்துறதுக்கு.”

போடியிலிருந்து மேலே போகிற ஜீப்பில், எனக்கு முன்சீட்டில் இருந்த டீச்சர் சொன்னது இது. போடிமெட்டு சோதனைச்சாவடியில் காவலர் அவருடைய பையைத் திறந்து, ஐஸுக்குள் புதைத்து வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துவிட்டார்.

“வாழைப்பழம் எப்பம்மா குடிக்க ஆரம்பிச்சுச்சு?”

“அதுல இருக்கிற டிஎன்ஏவப் பிரிக்கணும் சார். எங்க ஸ்கூல் பிள்ளைங்க படத்துலதான் பாத்திருக்கு. இன்னைக்கு நேர்ல காட்டுறேன்னு சொல்லிட்டேன். பாட்டில நீங்க வாங்கிட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கிளாசுக்குப் போறது?”

“டிஎன்ஏ கண்ணுக்குத் தெரியாதுன்னு எனக்கே தெரியும். யாருகிட்ட கதை விடுறீங்க?”

“ஒண்ணே ஒண்ணுன்னா தெரியாது சார். கூட்டமாச் சேந்தா தெரியும். இங்கயே காட்டட்டுமா? ஸ்பிரிட்டு ஜில்லுன்னு இருந்தாத்தான் வரும், ஐஸ் கரையறதுக்குள்ள செஞ்சாகணும்.”

டீச்சர் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துப் பிசைந்தார். உப்பும் பாத்திரம் விளக்குகிற சோப்பும் கலந்த தண்ணீரை விட்டு, கைக்குட்டையால் ஒரு கண்ணாடி டம்ளரில் வடிகட்டினார். அதன்மேல் ஸ்பிரிட்டை மெதுவாகச் சாய்த்ததும், கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் திரண்டு எழும்பியது.

“ஆத்தீ, பஞ்சு மாதிரில்ல வருது!” என்றார் பக்கத்தில் இருந்த ஏலக்காய் பறிக்கிற அக்கா.

காவலர் குனிந்து பார்த்தார். “இதைத்தான் வெட்டி மாத்துறாங்களாமே? என் மச்சினன் குடியையும் வெட்டிரலாமா டீச்சர்?”

“அதுக்கு எங்க வெட்டணும்னு இன்னும் யாருக்கும் பிடிபடல சார்.”

“எங்க வீட்டுக்காரரைக் கொண்டாந்தா கத்தியே மழுங்கிரும்” என்றார் அக்கா.

காவலர் பாட்டிலைத் தன் கையாலேயே ஐஸுக்குள் புதைத்துக் கொடுத்தார். பிறகு முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக் கத்தினார்.

“யோவ், வண்டிய ஓரங்கட்டு! இங்க ஐஸ் கரையுதுல்ல!”