மிக்கேலுக்குத் தைலம் ஊற்றிய கை

என் பெயர் அன்னக்கிளி. புருஷன் பெயர் கிருஷ்ணசாமி. வயது முப்பத்தைந்து இருக்கும், எழுதி வைத்தவர் யாருமில்லை. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இருக்கிறேன், மீன் விற்கிறேன். இந்த 1934ஆம் வருஷம் உழவர்கரையில் டாக்டர் தணிகாசலத்தின் தோட்ட வீட்டில் தச்சர் மிக்கேல் இறந்துபோனது சம்பந்தமாக, அவர் வாயில் தைலம் ஊற்றிக் கொன்றது நான்தான் என்று பிராது இருப்பதாகப் போலீஸ் கொமிசேர் ஐயா படித்துக் காட்டினார். அதற்கு நான் சொல்வதாவது:

எனக்கு வெகு நாளாக வயிற்றுப்புண். சாப்பிட்டாலும் எரியும், சாப்பிடாவிட்டாலும் எரியும். கூடையை இறக்கிவிட்டு நடுத்தெருவில் சுருண்டு உட்கார்ந்துவிடுவேன், வாங்க வந்தவர்கள் வேறு கூடைக்குப் போய்விடுவார்கள். அப்போது மேற்படி டாக்டர், தாம் திருநீற்றுப்பச்சிலையை வாலை என்கிற வடிபானையில் கொதிக்கவைத்துத் தைலம் வடித்திருப்பதாகவும், அது புண்ணை ஆற்றுகிறதா என்று சோதிக்கப்போவதாகவும், சோதனை முடியும்வரை தம் வீட்டிலேயே தங்கவேண்டும் என்றும் சொன்னார். சம்மதித்துப் போனேன். மிக்கேலும் இன்னும் சிலரும் இதே புண்ணோடு அங்கே வந்திருந்தார்கள். அதன் பிறகு கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். முன்பு வந்தவர்கள் கருவாட்டுக்கும் கள்ளுக்கும் ஓடிப்போய்ச் சோதனையைக் கெடுத்துவிட்டார்களாம். என் புருஷன் பார்க்க வந்தால் கேட்டுக் கம்பி வழியாகத்தான் பேச்சு.

தினம் காலையில் வெறும் வயிற்றில் ஆளுக்கு ஒரு கரண்டி மருந்து. எல்லோருக்கும் ஒரே மருந்து என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் சிலருக்குத் தைலம் கலந்த நல்லெண்ணெய், சிலருக்கு வெறும் நல்லெண்ணெய். யாருக்கு எது என்று ஏப்பத்திலேயே தெரிந்துபோயிற்று. தைலம் குடித்தவர் ஏப்பம் விட்டால் கூடம் முழுக்கப் பச்சிலை மணக்கும். மிக்கேல் விட்ட ஏப்பத்தில் ஒன்றும் மணக்கவில்லை.

எனக்கு எரிச்சல் அடங்கிச் சோறு இறங்க ஆரம்பித்தது. மிக்கேல் இளைத்துக்கொண்டே வந்தார். அதன் பிறகு அவர் என்னிடம், "ஒன் கரண்டியில பாதி எனக்குக் குடும்மா" என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. மூன்று வருஷம் வெந்த வயிறு எனக்கு. பிறகு மனசு அடித்துக்கொண்டது, அப்போதும் கொடுக்கவில்லை.

சம்பவ தினம் மத்தியானம் மிக்கேல் கறுப்பாக ரத்த வாந்தி எடுத்தார். அதன் பிறகு கேட்டண்டை தவழ்ந்து போய், "தொறங்க டாக்டரே, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார். அதற்கு டாக்டர், "இன்னும் கொஞ்ச நாள்தான் மிக்கேல், இப்ப போனா இத்தினி பேர் பட்ட பாடும் வீணாப் பூடும்" என்றார். நாங்கள் எல்லோரும் கேட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். அது நல்ல பூட்டு. அதன் பிறகு மறுபடி வாந்தி வந்தது, அதைப் பார்த்துத்தான் டாக்டருக்கு முகம் வெளுத்தது. மற்றவர்களைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டார். திடமாக நின்றவள் நான் ஒருத்தி என்பதால் என்னைக் கூப்பிட்டு மிக்கேல் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். டாக்டர் தைலப் புட்டியை எடுத்து, எண்ணெயில் கலக்காமல், அப்படியே தம் கையால் மிக்கேல் வாயில் ஊற்றினார். மிக்கேல் ஆசையாகக் குடித்தார். கேட்டது கிடைத்துவிட்டது என்று என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். பொழுது சாய்வதற்குள் என் மடியிலேயே உயிர் போய்விட்டது. தைலத்தால் போனதா, புண்ணால் போனதா, எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டைத் திறந்திருக்கலாம்.

அதன் பிறகு பிரேதம் வீட்டுக்குப் போனது. அவர் மனைவி ஸ்டெல்லாமேரி முகத்தைத் துடைக்கும்போது வாயில் பச்சிலை மணந்ததால், மருந்து கொடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று பிராது கொடுத்தார். டாக்டரோ, மிக்கேலுக்குத் தாம் கொடுத்தது வெறும் நல்லெண்ணெய்தான் என்றும், தைலத்தைத் திருடி ஊற்றியவள் நான்தான் என்றும் சொல்லிவிட்டார். அவர் படித்தவர், நான் மீன்காரி. தலையைப் பிடித்திருந்தபோது வாயிலிருந்து வழிந்தது பட்டு என் கையிலும் பச்சிலை மணந்தது உண்மை.

நேற்று காவலில் இருக்கும் என்னைப் பார்க்க என் புருஷன் வந்தார். டாக்டர் அனுப்பித்தான் வந்தார். "பாவம்னு குடுத்துட்டேன்னு சொல்லிடு. தெரியாம செஞ்சதுக்குக் கொஞ்ச நாள்தான் போடுவாங்களாம். வெளிய வந்தா ஆயுசுக்கும் தைலம் தரேங்கறாரு. அவர உள்ள வெச்சிட்டா ஒனக்கு யாரு வடிச்சிக் குடுப்பா?" என்று சொல்லி அழுதார். அவர் கேட்டது நியாயந்தான். அந்தத் தைலத்தை வடிக்கத் தெரிந்தவர் இந்த ஊரில் வேறு ஒருவருமில்லை. மருந்து நின்றதிலிருந்து எனக்குப் பழையபடி எரிகிறது, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் எரிகிறது. டாக்டர் மேல் ஆத்திரமாக இருக்கிறது, புருஷன் மேல் ஆத்திரமாக இருக்கிறது, இந்த வயிற்றின் மேல் அதைவிட ஆத்திரமாக இருக்கிறது. இருந்தாலும் ஊற்றியது நான் இல்லை. ஜெயிலுக்குப் போனாலும் ஊற்றினேன் என்று சொல்லமாட்டேன்.

டாக்டர் வீட்டில் கைப்பற்றிய தைலப் புட்டி, அரக்கு முத்திரை வைத்து, இந்த மேசைமேல் இருக்கிறது. அதில் கொஞ்சம் எனக்குக் கொடுக்கும்படி கேட்டேன். அது சாட்சிப் பொருள், முத்திரையை உடைக்கக் கூடாது என்று கொமிசேர் ஐயா சொன்னார். வழக்கு முடிந்த பிறகாவது தருவார்களா என்று கேட்டேன். கொட்டிவிடுவார்கள் என்றார். இதை எழுத்தர் எழுதாமல் விட்டார். எழுதத்தான் வேண்டும் என்று நான் சொன்னபிறகு எழுதினார்.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடி இருக்கிறது, நான் சொன்னதும் நடந்தபடி இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாததால் ரேகை வைக்கிறேன்.

அன்னக்கிளி, இடது கைப் பெருவிரல் ரேகை.